முழுக் காப்பும் ஒரு கடிதமும்

ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. யதுர்ஷிகா வாடகைக் கார்க்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை அது. வியாழக்கிழமை மத்தியானம், கிளிநொச்சியில் தன் கந்தோர் மேசையில் இருந்தபடி, அந்தக் கார்க்காரர் நிஷாந்தன் கல்குலேற்றரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கராஜ் திருத்தச் செலவு இரண்டு இலட்சத்துப் பதினாலாயிரத்து ஐந்நூறு. கார் ஓடாமல் நிற்கும் ஏழு நாளுக்கு எழுபதாயிரம். அதில் அவள் முதலே கட்டியிருந்த ஒரு இலட்சம் முற்பணம் கழிந்து மிச்சம் இவ்வளவு. அடுத்த செவ்வாய் அவளுக்கு விமானம். திங்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும்.

யதுர்ஷிகா என் தம்பியின் மகள். மூன்று வயதில் பிரான்சுக்குப் போனவள். இப்போது இருபத்தெட்டு. அங்கே வயதானவர்கள் இருக்கும் இல்லம் ஒன்றில் வேலை. ஆட்களைக் குளிப்பாட்டுவாள், சாப்பாடு வாயில் தீத்துவாள், படுக்கை விரிப்பு மாற்றுவாள். வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்றால் காசு கொட்டிக்கிடக்கும் என்று எங்கள் ஊர் ஜெயபுரத்தில் நினைக்கிறார்கள். அவள் இந்தப் பயணத்துக்கே வங்கியில் கடன் எடுத்து வந்தவள் என்பது எனக்கும் என் மனிசி இலட்சுமிக்கும் மட்டும் தெரியும்.

அந்தத் தொகை அவள் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அதை உண்டாக்கினவன் நான்.

கார் எடுத்த நாளிலிருந்து சொல்கிறேன். அன்று நானும் கூடப் போயிருந்தேன். வெளிநாட்டு லைசன்சுக்கு இங்கே ஓடுவதற்கு வேண்டிய அனுமதித் துண்டைக் கொழும்பிலேயே எடுத்து வந்திருந்தாள். நிஷாந்தன் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, இன்சூரன்ஸ் ரெண்டு வகை இருக்கு. சாதாரணம் வாடகைக்குள்ளயே வரும். ஆனால் இடிபட்டால் முதல் ஒண்டரை இலட்சம் உங்கட பொறுப்பு. நாளுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு கூடக் குடுத்தால் முழுக் காப்பு. அப்ப உங்களுக்கு ஒரு சதமும் வராது."

"முழுக் காப்பு எண்டால் முழுசோ அண்ணா?"

"முழுசுதான். நிபந்தனையள் இருக்கு, எல்லாம் தாளில கிடக்கு. வாசிச்சுப்போட்டுக் கையெழுத்தை வையுங்கோ."

தாளின் ஒரு பக்கம் ஆங்கிலமும் சிங்களமும். மறுபக்கம் தமிழ். யதுர்ஷிகா தமிழ் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். வாசிப்பதெல்லாம் பிரெஞ்சுதான். ஆகவே தமிழ்ப் பக்கத்தை வாசிக்க வேண்டியவன் நான். எனக்கு எழுத்து நாற்பத்து மூன்று வயதில் வந்தது. மீள்குடியேறி வந்தபின் பொதுநோக்கு மண்டபத்தில் பின்னேர வகுப்பு நடந்தது, அங்கே பழகினேன். வாசிப்பேன். ஆனால் மெல்ல, வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் வாசிக்க வரும். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். ஒருவன் நான் மூட்டை தூக்கும் பரந்தன் மில்லின் லொறிக்காரன். அவனுக்கு முன்னால் வாய் அசைத்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை.

"உதெல்லாம் எங்கயும் ஒரே மாதிரித்தான் பிள்ளை. கையெழுத்தை வை" என்றேன்.

வைத்தாள். காசு கட்டத் தன் வங்கி அட்டையை எடுத்தாள். நான் இடையில் புகுந்தேன்.

"தம்பி, காசாத் தந்தால் என்ன குறைப்பியள்?"

நிஷாந்தன் சிரித்தார். "அண்ணை சும்மா வரேல்லை. சரி, ஐயாயிரம் விடுறன்."

நாளுக்குப் பத்தாயிரப்படி பத்து நாள் வாடகை, முழுக் காப்புக்கு இருபத்தையாயிரம், முற்பணம் ஒரு இலட்சம். ஐயாயிரம் குறைத்து எல்லாவற்றையும் அவள் கொழும்பில் மாற்றி வந்த காசிலிருந்து எண்ணிக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து இலட்சுமியிடம் அந்த ஐயாயிரத்தைப் பற்றி இரண்டு தரம் சொன்னேன்.

ஆறு நாள் ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, பரந்தனில் ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போய்விட்டு, பூநகரி றோட்டால் திரும்பி வந்தோம். மழைக்காலம் தொடங்கிவிட்டிருந்தது. வயலும் வரம்பும் ஈரமாகிவிட்டால் மாடுகள் காய்ந்த இடம் தேடித் தார் றோட்டில் வந்து படுக்கும். எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, யதுர்ஷிகா பிறேக் பிடிக்க, படுத்திருந்த மாடு எழும்ப, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. இடது பக்க லைற் உடைந்தது. பம்பர் தொங்கியது. றேடியேற்றர் தண்ணீர் றோட்டில் ஓடியது. மாடு பின்னங்கால் இழுபட எழும்பி நின்று எங்களைப் பார்த்தது.

மாட்டுக்காரி ஜெகதீஸ்வரி ஓடி வந்தாள். நாலு மாடு வைத்துப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பால் கொடுத்துச் சீவிப்பவள். கடை வைத்திருக்கும் நல்லதம்பியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கூடிவிட்டார்கள். யதுர்ஷிகா ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"பெரியப்பா, கார்க்காரருக்குப் ஃபோன் அடிக்கட்டோ?"

"அடிச்சால் அவர் பொலிசுக்குப் போ எண்டுவார். பொலிஸ் எண்டால் வழக்கு. வழக்கெண்டால் நீ அடுத்த செவ்வாய்க்கிழமை பிளேனைப் பாக்கமாட்டாய்" என்றேன்.

"மாட்டுக்காரியோட பேசி முடியுங்கோ" என்றார் நல்லதம்பியும். "பேந்து ஒருத்தற்ற வாசலிலயும் போய் நிக்கத் தேவையில்லை."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம். நாலு பேருக்கு முன்னால் தொகை பேசுவது, ஒரு தாளில் எழுதுவது, இரண்டு பக்கமும் கையெழுத்து வைப்பது, இரண்டு சாட்சி. அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்க மாட்டார்கள். எண்பதாயிரத்தில் தொடங்கி அறுபத்தையாயிரத்தில் நின்றது. யதுர்ஷிகா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நல்லதம்பி கடைக் கொப்பியில் இரண்டு தாள் கிழித்து வந்து, யார் எழுதுவது என்று சுற்றிப் பார்த்தார்.

"நான் எழுதுறன்" என்றேன்.

எத்தனையோ முறை இப்படியான தாள்களுக்குப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறேன். அன்று கார் மூடியில் தாளை வைத்து, ஒரு எழுத்தும் சரியாமல், இரண்டு பிரதி எழுதினேன். 'இன்று பின்னேரம் 6 மணிக்கு எங்கள் கார் ஜெகதீஸ்வரி அவர்களின் மாட்டில் மோதியது. தவறு எங்களுடையது. ரூபா 65,000 கொடுத்துப் பிரச்சினையை முடித்துக்கொண்டோம்.' நல்லதம்பி வாசித்துப் பார்த்து, "கோயில் நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு எல்லாருமாகக் காரைத் தள்ளிக் கொண்டுபோய் அவருடைய கடை வளவுக்குள் விட்டோம்.

மறுநாள் செவ்வாய், உழவு மெஷினில் கட்டிக் காரை இழுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனோம். நிஷாந்தன் காரைச் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை காத்து நின்றேன். பிறகு மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தேன்.

"மாட்டுக்காரியோட எல்லாம் முடிஞ்சுது தம்பி. உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது. இனி இன்சூரன்சில உங்கட வேலையைப் பாருங்கோ."

அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"வடிவான எழுத்து அண்ணை. இந்த எழுத்தாலதான் இன்சூரன்ஸ் போச்சுது."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். ஆறுதலாக இருத்தி வைத்துச் சொன்னார். விபத்து நடந்த இடத்தில் காரை அசைக்கக் கூடாது. உடனே காப்புறுதிக்காரருக்கு அறிவித்து அவர்களுடைய ஆள் வந்து படம் எடுக்கும்வரை நிற்க வேண்டும். பொலிசில் பதிவு வேண்டும். எல்லாவற்றையும் விட, தவறு தன்னுடையது என்று சொல்லவோ எழுதவோ, எதிராளிக்குக் காசு கொடுக்கவோ கூடாது. அதைத் தீர்மானிப்பது காப்புறுதிக்காரரின் வேலை. இவற்றில் ஒன்று பிழைத்தாலும் முழுக் காப்பும் இல்லை, சாதாரணக் காப்பும் இல்லை.

"நீங்கள் வாசிக்கேல்லை எண்டு தெரிஞ்சிருந்தால் நானே சொல்லியிருப்பன்" என்றார். "தாளில கிடந்தது."

யதுர்ஷிகா வெளிப்படியில் போய் இருந்து பிரான்சுக்குப் ஃபோன் எடுத்தாள். அவளுடைய அந்த வங்கி அட்டையில், அந்தக் காட்டிலேயே, வெளிநாட்டில் வாடகைக்கு எடுக்கும் காருக்கு ஒரு காப்பு இருக்கிறதாம். வேலைத்தளத்தில் யாரோ சொன்ன ஞாபகம். நெடுநேரம் பிரெஞ்சில் கதைத்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். வாடகையை அந்தக் காட்டால் கட்டினீர்களா? காட்டால் கட்டினால்தான் காப்பு.

"காசாக் கட்டினதெண்டு சொன்னனான்" என்றாள். என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னாள். பார்த்திருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திராது.

வியாழக்கிழமை கராஜ்காரன் விலை சொல்லி, கணக்கு வந்தது. யதுர்ஷிகா தண்ணீர் குடிக்க வெளியே போனபோது நிஷாந்தன் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, ஒரு வழி இருக்கு. நான் இன்னும் இன்சூரன்சுக்கு ஒண்டும் அனுப்பேல்லை. நாளைக்குள்ள பொலிசில பதிவு போட்டால் பிந்தின முறைப்பாடாச் செய்து பாக்கலாம். ஆனால் இந்தக் கடிதம் எழுதப்படேல்லை. காசு குடுபடேல்லை. அப்பிடித்தான் சொல்லவேணும். மாட்டுக்காரியிட்ட இருக்கிற தாளும் இருக்கக் கூடாது. அவா வந்து, மாடு றோட்டில நிண்டது, காசு வாங்கேல்லை எண்டு சொல்லவேணும்."

"சொல்லுவாளோ?"

"அது உங்கட கையில."

அன்று பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு, தாளின் தமிழ்ப் பக்கத்தை வாசித்தேன். இருபத்து மூன்று பந்தி. பதினொன்றாம் பந்தியில் காரை அசைக்கக் கூடாது என்பது இருந்தது. பன்னிரண்டில் தவறை ஏற்று எழுதக் கூடாது என்பது. வேலியைத் தாண்டிப் போனவர்கள் என் வாய் அசைவதைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது. கார் எடுத்த அன்றே அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும்.

வாசித்துக்கொண்டே நினைத்தேன். நான் எழுதிய 'தவறு எங்களுடையது' என்பது மரியாதைக்கு எழுதுகிற வசனம். வாகனத்தில் வந்தவன் அப்படிச் சொன்னால் மற்றவனின் கோபம் இறங்கும், பேச்சு தொடங்கும். யார் பிழை என்று ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. மாடு கிடந்ததும் பிழை, கார் வேகமாக வந்ததும் பிழை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே நிற்காத ஒருவர், எங்களை அறியாத ஒருவர், கொழும்பில் ஒரு மேசையில் இருந்து காசு தருவதென்றால் அவருக்கு அந்த வசனம் வாக்குமூலம். அவருக்கு எங்கள் முகம் தெரியாது, தாள் மட்டும்தான் தெரியும். அவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது.

பத்தொன்பதாம் பந்தியில் ஒன்று கண்டேன். கார் திருத்தத்தில் நிற்கும் நாளுக்கு வாடகையாளர் கொடுக்க வேண்டியது, ஆகக்கூடியது மூன்று நாள் வாடகை. நிஷாந்தன் ஏழு நாள் போட்டிருந்தார். அந்த வரியை நாலு தரம் வாசித்து, பென்சிலால் கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை மில்லுக்குப் போகாமல் ஜெகதீஸ்வரி வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். மாடு கொட்டிலில், பின்னங்காலில் மருந்துத் துணி சுற்றி நின்றது.

"காசு திருப்பிக் கேக்க வந்தனீங்களோ அண்ணை?" என்றாள். "மாட்டு டொக்டருக்கும் லோன் கட்டவும் முடிஞ்சுபோச்சு. வேணுமெண்டால் பால் தாறன், குடிச்சுப்போட்டுப் போங்கோ."

"காசு வேண்டாம். ஒரு உதவி."

விசயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பொலிசில நான் என்ன சொல்லவேணும்?"

"மாடு றோட்டில நிண்டதெண்டு. காசு வாங்கேல்லை எண்டு."

"றோட்டில மாடு விட்டதுக்குப் போன வருசமும் பிரதேச சபைக்காரர் ரெண்டு மாட்டைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுக் குற்றக்காசு வாங்கினவங்கள். இந்தமுறை நானே போய், என்ர மாடுதான் எண்டு சொல்லுறதோ?" சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "சரி. உங்கட பிள்ளை அண்டைக்கு ஒரு சொல்லும் பேசாமல் காசைத் தந்தவ. வேற ஆக்கள் எண்டால் ஏத்திப்போட்டு ஓடியிருப்பாங்கள். வாறன், சொல்லுறன். கடிதத்தைக் கொண்டுபோய்க் கிழியுங்கோ."

உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்து காணி அனுமதிப் பத்திரத்தை எடுத்தாள். அதற்குள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம். அதற்குள் மடிப்புக் கலையாமல் நான் எழுதிய தாள்.

"இதை ஏன் இதுக்குள்ள வைச்சனீ?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஆரும் வந்து, நீ சும்மா காசு பறிச்சனீ எண்டு சொன்னால் காட்ட வேண்டாமோ? எனக்கெண்டு எழுதித் தந்த கடிதம் இது ஒண்டுதான்."

தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கை நீட்டவில்லை. ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாவை நினைத்தேன். வேலைக்குத் திரும்பிப் போய் ஆட்களைக் குளிப்பாட்டப் போகிற பிள்ளையை நினைத்தேன். அந்தத் தாளில் இருந்த ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைக் கிழித்தால், குற்றக்காசு கட்டுவது இவள், பொய் சொல்வது இவள், எனக்காக. ஏற்கெனவே ஒரு பெண்பிள்ளை என் வெட்கத்துக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்கு வை" என்றேன். "வந்ததை மறந்துபோடு. பாலைத் தா, குடிப்பம்."

வீட்டுக்கு வந்து யதுர்ஷிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழி ஒன்று இருந்ததையும், நான் அதை விட்டுவிட்டு வந்ததையும். பிறகு கார் எடுத்த நாளில் தாளை வாசிக்காமல் கையெழுத்து வைக்கச் சொன்னதற்குக் காரணத்தையும் சொன்னேன்.

"மெல்லத்தான் வாசிப்பன் பிள்ளை. ஆக்கள் நிண்டவை. வெக்கமாக் கிடந்தது."

அவள் தாளை எடுத்து ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினாள்.

"அந்த அண்ணா இங்கிலிஸ் தெரியும்தானே எண்டு கேட்டவர் பெரியப்பா. நான் ஓம் எண்டு தலையாட்டினனான். எனக்கு நாலு சொல்லுத்தான் தெரியும். வெளிநாட்டில இருந்து வந்துபோட்டு இங்கிலிஸ் தெரியாதெண்டு சொல்ல எனக்கும் வெக்கமாத்தான் கிடந்தது."

குசினிக்குள் அடுப்படியில் இருந்து இலட்சுமி கேட்டாள். "அப்ப ரெண்டு வெக்கத்துக்கும் சேத்து ஒரு இலட்சத்து எண்பத்து நாலோ?"

"ஒரு இலட்சத்து நாப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு" என்றேன். "பத்தொன்பதாம் பந்தி."

சனிக்கிழமை நிஷாந்தனிடம் போய், பொலிசுக்குப் போகவில்லை என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். பிறகு பென்சில் கோட்டைக் காட்டினேன். வாசித்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"இதுவரைக்கும் ஒருத்தரும் இந்தப் பந்திக்கு வந்ததில்லை அண்ணை" என்றார். "வாடகைக்கு எடுக்கிற ஆக்கள் முதல் பக்கத்திலயே கையெழுத்து வைச்சுப்போட்டுக் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு போயிடுவினம்." கல்குலேற்றரை எடுத்து நாற்பதாயிரத்தைக் கழித்தார்.

முழுவதையும் நான் தருவேன் என்றேன். யதுர்ஷிகா விடவில்லை. கையெழுத்து தன்னுடையது என்றாள். கடிதம் என்னுடையது என்றேன். கடைசியில் சரிபாதி என்று முடிந்தது. ஆளுக்கு எழுபத்து இரண்டாயிரத்து இருநூற்றைம்பது. அவள் தன் பாதிக்குப் பிரான்சில் கூட வேலை செய்யும் பிள்ளையிடம் கடன் கேட்டாள்.

எனக்கு வீட்டில் பதினாறு மூட்டை நெல் இருந்தது. குத்தகைக் காணியில் விளைந்தது. தை அறுவடை வரைக்கும் சாப்பாட்டுக்கென்று வைத்தது.

"பத்து மூட்டையைக் குடுத்துப்போட்டு தை மட்டும் என்னத்தை அவிக்கிறது?" என்றாள் இலட்சுமி.

"ஆறு மூட்டை கிடக்கே."

"ஆறு மூட்டை உங்கட வயித்துக்கே காணாது. நான் பிரான்சுக்குத்தான் போகவேணும்." சொல்லிக்கொண்டே சாக்கின் வாயைக் கட்டச் சணல் எடுத்து வந்து தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உழவு மெஷினில் ஏற்றிப் பரந்தன் மில்லுக்குக் கொண்டுபோனேன். இருபது வருசம் ஊரார் மூட்டையைச் சுமந்த அதே பலகை வழியாக என் மூட்டைகளைச் சுமந்து ஏறினேன். பாரம் ஒன்றுதான். மூட்டை ஏழாயிரத்து இருநூறு. இறக்குகூலி கழிக்கட்டா என்று கணக்கப்பிள்ளை பகிடிக்குக் கேட்டார். நான்தானே இறக்கினேன் என்றேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு நானும் யதுர்ஷிகாவும் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனோம். அவள் தன் பாதியைக் காட்டால் கட்டினாள். நான் எழுபத்து இரண்டாயிரத்தை எண்ணி வைத்து, சட்டைப் பையிலிருந்து இருநூற்றைம்பதை எடுத்தேன்.

"அதை விடுங்கோ அண்ணை, பஸ்சுக்கு வையுங்கோ" என்றார் நிஷாந்தன்.

"இல்லைத் தம்பி. முழுசாப் போகட்டும்."

அவர் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். எங்கள் கணக்குத் தாளை எடுத்து, தொகைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'முழுத் தொகையும் பெறப்பட்டது' என்று எழுதி, திகதியிட்டுக் கையெழுத்து வைத்தார்.